பச்சைச் சட்டைக்காரர்களின் அக்கா

ஜனவரி 18

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான், உன் மாமா, அம்மா, உன் மருமகள் எல்லோரும் சுகம். உன் சுகத்தைத்தான் கேட்க வழியில்லாமல் போய்விட்டது. எத்தனை முறை கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. கடைசியில் "ஸ்பீக்கர் போயிடுச்சு, லெட்டர் போடு" என்று ஒரு மெசேஜ். அதைப் படித்துவிட்டு உன் மாமா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "லெட்டரா? உன் தம்பி எந்தக் காலத்துல இருக்கான்? அடுத்தது புறா கேப்பானா?"

அம்மாவுக்கு வேறு சந்தேகம். "யாரோ ஒருத்திகிட்ட பேசிட்டே இருக்கான், அதான் நம்ம ஃபோன எடுக்க நேரமில்ல. பேர மட்டும் சொல்லச் சொல்லு, மத்தத நான் பாத்துக்கறேன்."

மெசேஜில் உன்னோடு பேசுவது சுவரோடு பேசுவது மாதிரி. ஒரு 'ம்' போடுவாய், இல்லாவிட்டால் கட்டைவிரல் போடுவாய். அதனால் தபால் ஆபீசுக்கே போய் ஸ்டாம்ப் கேட்டேன். அங்கிருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

ஸ்கேன் சென்டரில் அதே வேலைதான். பெயரைக் கூப்பிடுவது, பயந்தவர்களைத் தேற்றி உள்ளே அனுப்புவது, "மூச்ச இழுத்துப் பிடிங்க... அவ்ளோதான், விடுங்க" என்று சொல்வது. போன வருஷம் ஒரு கம்பெனிக்குப் போய்க் குரல் கொடுத்துவிட்டு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? கண் தெரியாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் வழி சொல்கிற ஆப் என்றார்கள். இதுவரை எனக்கு எங்கேயும் கேட்கக் கிடைக்கவில்லை. நீதான் நாளெல்லாம் தெருவில் இருப்பவன். எங்காவது என் குரல் உன் காதில் விழுந்ததா?

வேளைக்குச் சாப்பிடு. ஹெல்மெட்டைத் தலையில் போடு, கையில் மாட்டிக்கொண்டு ஓட்டாதே.

உன் அக்கா

*

பிப்ரவரி 2

அக்காவுக்கு வணக்கம்.

நான் நலம். அம்மாவுக்குக் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? மாமாவிடம் சொல், புறா கட்டுப்படியாகவில்லை, தீனி செலவு அதிகம். அம்மாவிடம் சொல், ஒருத்தியும் இல்லை. நாள் முழுக்க அடுத்தவன் சாப்பாட்டு வாசனையோடு திரிகிறவன் பக்கத்தில் எவள் வந்து உட்காருவாள்?

நாங்கள் ஆர்டருக்காகக் காத்திருப்பது ஒரு மூடிப்போன துணிக்கடையின் ஷட்டர் முன்னால். அங்கேயும் ஒரு வாட்ச்மேன். "எழுந்திரிங்க, கஸ்டமர் வர்ற வழி" என்கிறார். கடையே இல்லை, கஸ்டமர் எங்கிருந்து வருவான்? எங்களோடு கண்டக்டர் என்று ஒருவர் இருக்கிறார், முன்னே பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தவர். "அண்ணே, நாங்க எழுந்தா ஷட்டர் விழுந்துரும், முட்டுக் குடுத்துட்டு உக்காந்திருக்கோம்" என்றார். கண்ணாடி போட்டதால் சோடாபுட்டி என்று பெயர் வாங்கிய இன்னொருவன் முதுகால் ஷட்டரை முட்டிக் காட்டினான். வாட்ச்மேனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுக்குமாடிகளில் எங்களுக்கென்று தனி லிஃப்ட். சாமான் ஏற்றுகிற லிஃப்ட். 'டெலிவரி ஆட்கள் இதில் மட்டும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நாய் மெயின் லிஃப்டில் போகிறது. நாய்மேல் எனக்குக் கோபம் இல்லை. அது எழுதி ஒட்டவில்லை.

வேலை ஓடுகிறது. ஸ்பீக்கரைச் சரிசெய்ய நேரமில்லை. நீ எழுது. உன் எழுத்தைப் படிப்பது நன்றாக இருக்கிறது. மருமகளுக்கு முத்தம்.

தம்பி

*

பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். மருமகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. 'சாப்பாடு' என்று சொன்னால் காற்றுதான் வருகிறது. உன் கடிதத்தை அம்மா சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். நாய் லிஃப்டில் போகிற இடத்தில் சிரித்தாள். கொஞ்சம் கழித்து "அவன் மாடிப்படி ஏறுறானா, சாமானோட போறானா?" என்று கேட்டாள். பிறகு சிரிக்கவில்லை.

என் ஒரு கேள்விக்கு மட்டும் நீ பதில் எழுதவில்லை. என் குரல் எங்காவது கேட்டதா என்று கேட்டிருந்தேன். உனக்கு அதைப் பற்றிச் சரியாகச் சொன்னதுகூட இல்லையே. அது ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு. மின்விசிறி கிடையாது. வளையலைக் கழற்றி வெளியே வைக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டிய ஒரு சின்னப் பெண். நான் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி படித்துக்கொண்டிருந்தேன். அவள் நிறுத்தினாள்.

"அக்கா, படிக்காதீங்க. உங்களுக்குத் தம்பி இருக்காரா?"

"இருக்கான் ஒரு வாலு."

"அவர் வண்டி ஓட்டுறார், நீங்க பின்னாடி உக்காந்திருக்கீங்க. அவருக்குச் சொல்லுங்க."

அதற்கப்புறம் எதையும் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "இன்னும் கொஞ்ச தூரந்தாம்ப்பா." "அவசரமில்ல, மெதுவா." "ஆச்சு, வந்துட்டோம்." எல்லாம் உனக்குச் சொன்னதுதான். வேர்த்து ஊற்றுகிற அந்த அறைக்குள் நீ எனக்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே இருந்தாய்.

அவர்கள் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். புதிதாகக் கொஞ்சம் வரிகள் வேண்டுமாம். மாதக் கடைசியில் போகிறேன். மாமாவின் பழைய ஃபோனைத் துடைத்து இதோடு பார்சலில் அனுப்புகிறேன். ஸ்பீக்கர் ஜோராக வேலை செய்கிறது. இனி சாக்குச் சொல்ல முடியாது.

ஆசையோடு காத்திருக்கும்
அக்கா

*

மார்ச் 4

அக்காவுக்கு,

நலம். அங்கேயும் நலம் என்று நம்புகிறேன். ஃபோன் வந்து சேர்ந்தது, மாமாவுக்கு நன்றி. என் சிம் அதில் சேரவில்லை. மாற்ற வேண்டும், பார்க்கிறேன்.

அந்தக் கம்பெனிக்கு மறுபடி போகாதே. ஏன் என்று கேட்காதே. போகாதே, அவ்வளவுதான்.

தம்பி

*

மார்ச் 13

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. மனசுக்குத்தான்.

நீ சொன்னாய் என்று அந்தக் கம்பெனிக்குப் போகவில்லை. வீட்டில் வேலை என்று சொல்லித் தள்ளிவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூப்பிட்டேன். எடுத்தாய். "டேய், நான்தாண்டா" என்றேன். உன் மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு வைத்துவிட்டாய். ஸ்பீக்கர் போன ஃபோனில் நான் பேசியது உனக்கு எப்படியடா கேட்டது?

அதைக் கேட்டுச் சண்டை போடத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பிக்க இருந்தேன். அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது.

திங்கட்கிழமை முட்டி ஸ்கேனுக்கு ஒருவர் வந்திருந்தார். உன்னைப் போலச் சாப்பாடு கொண்டுபோகிறவர். பச்சைச் சட்டை, முதுகில் கம்பெனிப் பெயர். நாற்காலியில் தூங்கிவிட்டார். நான் வழக்கம்போலப் பெயரைக் கூப்பிட்டேன். துள்ளி எழுந்து, வலிக்கிற காலையே ஊன்றி, பையில் வண்டிச் சாவியைத் தேடினார். "வந்துட்டேங்க, வந்துட்டேங்க, ரெண்டே நிமிஷம்" என்றார். கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை.

"சார், இது ஸ்கேன் சென்டர். உக்காருங்க" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "மேடம், இன்னொரு தடவ பேசுங்க. நீங்க எங்க அக்காவா?"

ஃபோனை எடுத்துக் காட்டினார். அதில் நான் பேசுகிறேன். "லேட்டாகுதுப்பா. அவங்க பசியோட காத்திருக்காங்க. உங்களால முடியும், வாங்க."

நான் அந்த அறையில் 'பசி' என்ற சொல்லையே சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. ஆனால் சொல்வது நான்தான். நான் மூச்சு விடுகிற இடம், 'ப்பா' என்று இழுக்கிற இழுப்பு எல்லாம் என்னுடையது. நான் கொடுத்ததை வைத்துக்கொண்டு அவர்கள் எதை வேண்டுமானாலும் பேச வைத்துக்கொள்ளலாமாம்.

"முன்னாடி ஒரு மெஷின் குரல் இருந்துச்சுங்க" என்றார் முட்டிக்காரர். "அதக் கெட்ட வார்த்தைல திட்டிட்டு டீ குடிக்கப் போயிடுவோம். உங்க குரலத் திட்ட மனசு வரமாட்டேங்குது. நம்மள யாரோ பாத்துக்கற மாதிரி இருக்கு. வேகமாப் போறோம். அது அவனுங்களுக்கும் தெரிஞ்சிருக்கு."

அவரை உள்ளே படுக்க வைத்தபோது 'காலை ஆட்டாதீங்க' என்று சொல்ல வேண்டும். கையால் காட்டினேன்.

தம்பி, நீ எந்தக் கம்பெனியில் ஓட்டுகிறாய் என்று நான் கேட்டதே இல்லை. சாப்பாடு கொண்டுபோகிறான் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன் சட்டை என்ன நிறம்?

அக்கா

*

ஏப்ரல் 6

தம்பிக்கு,

நாங்கள் நலம். பதிவுத் தபாலில் போட்ட கடிதம் உன் கையில் சேர்ந்துவிட்டதாகத் தபால் ஆபீசில் சொல்கிறார்கள். உன் கடிதம் வந்ததா என்று அம்மா தினமும் கேட்கிறாள்.

ஒரு வார்த்தை எழுதினால் போதும். இல்லாவிட்டால் லீவு போட்டுவிட்டு நானே கிளம்பி வருவேன்.

அக்கா

*

ஏப்ரல் 17

அக்காவுக்கு,

பச்சை.

நலமா என்று கேட்காமல் ஆரம்பித்துவிட்டேன், தப்பாக நினைக்காதே. கிளம்பி வராதே. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

அக்டோபரில் ஒரு நாள் மழையில் நின்றுகொண்டிருந்தேன். காதில் "வாங்க, போகலாம்" என்றாய். நான் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தேன். நிஜமாகவே பார்த்தேன். அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். ஷட்டர் முன்னால் எல்லோரிடமும் "எங்க அக்காடா" என்றேன். யாரும் நம்பவில்லை. ஆனால் அன்றிலிருந்து நீ எல்லோருக்கும் அக்கா ஆகிவிட்டாய். "இருடா, அக்கா கூப்பிடுது." "அக்காவுக்கு இன்னிக்கு மூடு சரியில்ல." ஊருக்கு வரும்போது உன் முகத்துக்கு முன்னால் போட்டுக் காட்டலாம், உன் கண் எப்படி விரியும் என்று பார்க்கலாம் என்று உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அதற்குள் அது பேச்சை மாற்றிவிட்டது. 'மெதுவா' காணாமல் போயிற்று. "லேட்டாகுதுப்பா" வந்தது. மற்றவர்கள் நாலு தெரு வேகமாகப் போனால் நான் எட்டுத் தெரு போனேன். அவர்களுக்கு அது யாரோ ஓர் அக்கா. எனக்கு நீ. நீ காத்திருக்கிறாய் என்றால் எப்படி நிற்பேன்?

பிறகு இன்னொன்று சேர்த்தார்கள். வண்டி ஓரிடத்தில் நின்றால் கேட்கும், "என்னப்பா ஆச்சு? சொல்லுங்க" என்று. நாம் வாயால் பதில் சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று எல்லோருக்கும் தெரியும். 'டிராஃபிக்'. தெருவில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் டிராஃபிக். ஒதுங்கப் போனால் டிராஃபிக். கண்டக்டர் பொண்டாட்டியோடு ஃபோனில் சண்டை போட்டால் டிராஃபிக், அதுவும் பெரிய டிராஃபிக்.

எனக்கு மட்டும் வரவில்லை. நான் அம்மாவிடம், வாத்தியாரிடம், மாமாவிடம் எல்லாம் பொய் சொல்லியிருக்கிறேன். நீ 'என்னடா ஆச்சு' என்று கேட்டால் மட்டும் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன். உனக்குத்தான் தெரியுமே.

டிசம்பர் கடைசியில் ஒரு திருப்பத்தில் வண்டி வழுக்கியது. பெரிய அடி இல்லை. தலை சுற்றியது, நடைபாதையில் உட்கார்ந்தேன். "என்னப்பா ஆச்சு? சொல்லுங்க" என்றாய். பக்கத்தில் நின்ற சோடாபுட்டி சத்தமில்லாமல் வாயை அசைத்துக் காட்டினான், 'டிராஃபிக், டிராஃபிக்' என்று. நான் அழ ஆரம்பித்துவிட்டேன். "அக்கா, விழுந்துட்டேன். கொஞ்ச நாளாவே ஓட்டும்போது கண்ணு இருட்டுது. நேரத்துக்குச் சாப்பிடறதில்ல. யார்கிட்டயும் சொல்லல" என்றேன்.

"சொன்னதுக்கு நன்றிப்பா. ஓய்வெடுங்க" என்றாய்.

"சரிக்கா" என்றேன்.

மறுநாள் ஆப் திறக்கவில்லை. அதற்கும் நீதான் காரணம் சொன்னாய். "உங்க பாதுகாப்புக்காக உங்க கணக்க மூடியிருக்கோம். இவ்ளோ நாள் எங்களோட வேலை செஞ்சதுக்கு நன்றிப்பா." அதே பாசம், அதே 'ப்பா'. ஆபீஸ் என்று தேடிப் போன இடத்தில் ஒரு மேசையும் ஒரு பிளாஸ்டிக் செடியும் இருந்தன. மேசையில் இருந்தவன் "சிஸ்டம் எடுத்த முடிவு சார், நாங்க தலையிட முடியாது" என்றான். பாதுகாப்பாம். கண் இருட்டுகிறவனைப் பட்டினி போட்டால் பாதுகாப்பாக இருப்பானாம்.

இப்போது ஒரு சர்வீஸ் ஷெட்டில் வண்டி கழுவுகிறேன். 'வேலை ஓடுகிறது' என்று உனக்கு எழுதியது பொய். உன் குரலிடம் வராத பொய் காகிதத்தில் சுலபமாக வருகிறது. லெட்டர் போடச் சொன்னது அதற்காகத்தான். இன்னொன்றுக்காகவும்தான். நீ பேசினால் எழுந்து ஓட வேண்டும் போலிருக்கிறது. நீ இல்லை அது, தெரியும். தெரிந்தும் அப்படித்தான் இருக்கிறது. அன்று நீ "டேய், நான்தாண்டா" என்றதும் செருப்பைத் தேடினேன், அக்கா.

அம்மாவிடம் சொல்லாதே.

தம்பி

*

ஏப்ரல் 30

என் தங்கமே,

அம்மாவிடம் சொல்லவில்லை. 'நல்லா இருக்கான், வேலை ஜாஸ்தி' என்றேன். எனக்கும் பொய் வருகிறது.

முதலில் இதற்குப் பதில் எழுது. கண் இருட்டுவது இப்போதும் இருக்கிறதா? எந்த டாக்டரிடமாவது போய் இரத்தம் கொடுத்துப் பார்த்தாயா? நாளைக்கே போ. மற்றதெல்லாம் பிறகு.

அந்தக் கம்பெனிக்குப் போனேன். ஏசி அறையில் உட்கார வைத்து ஜூஸ் கொடுத்தார்கள். இஸ்திரி கலையாத சட்டையோடு ஒருவர் வந்தார். "வாழ்த்துகள் மேடம்! உங்க குரல் வந்ததுக்கப்புறம் ரிசல்ட் பிரமாதம்" என்றார். நான் உன்னைப் பற்றிச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "வருத்தமா இருக்கு மேடம். ஆனா நாங்க குரல் மட்டுந்தான் விக்கிறோம். வாங்கினவங்க என்ன பேச வைக்கிறாங்கன்றது அவங்க விஷயம். எந்த உபயோகத்துக்கும் சம்மதம்னு நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க."

"என் குரல எனக்குத் திருப்பிக் குடுத்துருங்க."

"அது உங்ககிட்டதான மேடம் இருக்கு? நாங்க என்ன எடுத்துட்டா போயிட்டோம்?" என்று சிரித்தார்.

இனிமேல் ஒரு வரிகூடப் பேசித் தர மாட்டேன் என்றேன். பரவாயில்லை என்றார். இனி நான் தேவையில்லையாம். இன்னும் கொஞ்சம் தெளிவாக இருக்கட்டும் என்றுதான் கூப்பிட்டார்களாம்.

வெளியே வந்து படியிறங்கும்போது அந்த ஹெட்போன் பெண் ஓடி வந்தாள். "அக்கா, தம்பிய நெனச்சுக்கோங்கன்னு சொன்னது நான்தான். ரெக்கார்டிங் நல்லா வரணும்னுதான் சொன்னேன்" என்று அழுதாள். அவள் கழுத்தில் முறுக்கிக் கிடந்த அடையாள அட்டையை நேராக்கிவிட்டு வந்துவிட்டேன்.

ஸ்கேன் சென்டரில் இப்போது பெயர் கூப்பிடுவதில்லை. பலகையில் எழுதிக் காட்டுகிறேன். "ஏம்மா குசுகுசுன்னே பேசற?" என்று மருமகள் கேட்கிறாள். அவளைத் தூங்க வைக்கப் பேச ஆரம்பித்தால், இதையும் யாராவது எடுத்துக்கொண்டு போய் எதற்காவது வைத்துக்கொள்வார்களோ என்று தோன்றுகிறது. உனக்காக வைத்திருந்த குரலடா அது. அதைக் கொண்டே உன்னை விரட்டிவிட்டார்கள்.

முட்டிக்காரர் மறுபடி வந்தார். "எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வார்த்தை பேசுங்க மேடம். நீங்களே சொன்னாத்தான் பசங்க நம்புவாங்க" என்கிறார். பேசினால் உன் கதையையும் பேச வேண்டிவரும். உன்னைக் கேட்காமல் பேச மாட்டேன். பேசட்டுமா?

உன் அக்கா

*

மே 12

அக்காவுக்கு,

இரத்தம் கொடுத்துப் பார்த்தேன். சத்து இல்லையாம். மாத்திரை தந்திருக்கிறார்கள். ஷெட் முதலாளி மதியம் அவர் வீட்டுச் சாப்பாட்டையே எனக்கும் போடுகிறார். "வண்டி மேல மயங்கி விழுந்து கண்ணாடிய உடைச்சிராத, அதுக்குத்தான்" என்கிறார். நல்ல மனுஷன், வாய்தான் அப்படி. கண் இருட்டுவது குறைந்திருக்கிறது.

பேசு. என்னைப் பற்றியும் சொல். பெயர் வேண்டாம், தம்பி என்று சொல் போதும்.

மன்னிப்பு மட்டும் கேட்காதே. எனக்கு எழுத்து எழுத்தாகத் தெரியும் நீ எப்படி என்று, முதல் வரியிலேயே 'என்ன மன்னிச்சிருங்க' என்றுதான் ஆரம்பிப்பாய். நீ மன்னிப்புக் கேட்டால் கேட்க வேண்டியவன் ஜூஸ் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அழவும் அழாதே. அதையும் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

நீ பேசப்போவதை நான் கேட்க மாட்டேன். இப்போதைக்கு முடியாது. சோடாபுட்டி கேட்டுவிட்டுச் சொல்வான்.

மாமாவுக்கும் அம்மாவுக்கும் என் அன்பு.

தம்பி

*

ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். நீ ஒழுங்காக மாத்திரை போடுகிறாயா? சாப்பாடு போடுகிற முதலாளிக்கு அம்மா நன்றி சொல்லச் சொன்னாள். ஆமாம், அம்மாவிடம் சொல்லிவிட்டேன். குரூப்பில் போகப்போவது வீட்டுக்கு முதலில் தெரியட்டும் என்றுதான். அவள் அழவில்லை. "அவன் சின்ன வயசுலேர்ந்தே உன்கிட்டதான் எல்லாத்தையும் ஒளறுவான்" என்றாள். பிறகு போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

பேசினேன். மாமாதான் ஃபோனைப் பிடித்துக்கொண்டார். நீ சொன்னபடி மன்னிப்புக் கேட்கவில்லை. சொன்னது இவ்வளவுதான்:

"உங்க ஆப்ல பேசற குரலுக்குச் சொந்தக்காரி நான். ஒரு ஸ்கேன் சென்டர்ல வேலை பாக்கறேன். உங்கள வேகமாப் போகச் சொல்றது நான் இல்ல. என்ன ஆச்சுன்னு கேக்கறதும் நான் இல்ல. அதுகிட்ட உண்மையச் சொல்லாதீங்க. என் தம்பி அத நான்னு நெனச்சு உண்மையச் சொன்னான், வேலை போச்சு. நான் நெஜமா சொல்றது ஒண்ணுதான். தலை சுத்தினா வண்டிய நிறுத்துங்க. சாப்பாடு ஆறட்டும்."

முட்டிக்காரர் குரூப்பிலிருந்து அது எங்கெங்கோ போய்விட்டது. முன்பின் தெரியாதவர்கள் ஸ்கேன் சென்டருக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒருவர் "லேட்டாகுதுப்பான்னு அது சொன்னா, நாங்க எல்லாரும் சேந்து 'சாப்பாடு ஆறட்டும்'னு கத்துறோம்க்கா" என்றார். வண்டியெல்லாம் மெதுவாகப் போகிறதாம்.

போன வாரம் குரல் எடுத்த கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்தது. அவர்களுக்குச் சொந்தமான குரலை அனுமதி இல்லாமல் பயன்படுத்திவிட்டேனாம். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப என்னத் திட்டறதுக்கும் அவங்ககிட்ட பர்மிஷன் வாங்கு." பிறகு அதை முதலிலிருந்து வரி வரியாக மறுபடி படித்தார். ஸ்கேனுக்கு வருகிற ஒரு வக்கீலம்மா இதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் பலகையை எடுத்துவிட்டேன். பெயரைச் சத்தமாகக் கூப்பிடுகிறேன்.

உன்னை நானாகக் கூப்பிட மாட்டேன். நீ பயப்படாமல் இரு. எழுது, போதும். கை வலிக்கிற வரைக்கும் எழுதுகிறேன்.

உன் அக்கா

*

ஜூலை 5

அக்காவுக்கு,

நலம். இரத்தம் ஏறியிருக்கிறது. அம்மா, மாமா, பல் முளைத்த மருமகள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். வக்கீலம்மா கேட்டால் எங்கே வேண்டுமானாலும் வந்து சாட்சி சொல்வேன், முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டேன்.

குரலை மாற்றிவிட்டார்கள். கண்டக்டர் ஷெட்டுக்கு வந்து போட்டுக் காட்டினார். நீ இல்லை. ஒரு பெரியவர் குரல். நிதானமாக, லேசாக இருமிவிட்டு, "கிளம்பலாமா தம்பி? நேரமாச்சு" என்கிறார். சோடாபுட்டிக்கு அப்பா இல்லை. அவன் முதல் நாளே "வரேம்ப்பா" என்று பதில் சொல்லிவிட்டானாம். சொல்லிவிட்டுத் தன்னையே அசிங்கமாகத் திட்டிக்கொண்டானாம். அந்தப் பெரியவர் யார், என்ன வேலை பார்க்கிறவர், அவரிடம் என்ன சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. கண்டக்டர் தேட ஆரம்பித்திருக்கிறார். பச்சைச் சட்டைக்காரர்கள் போகாத வீடு ஏது, கண்டுபிடித்துவிடுவோம் என்கிறார்.

என் கணக்கைத் திறக்கவில்லை. திறக்க மாட்டார்கள். திறந்தாலும் போக மாட்டேன்.

நீ பேசியதைக் கேட்டேன். போன ஞாயிறு, ஷெட்டில் யாரும் இல்லாதபோது, பம்பை நிறுத்திவிட்டு. நீ வாயைத் திறந்ததும் ஹோஸைப் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். அணைத்தேன். மறுபடி போட்டேன், மறுபடி எழுந்தேன். பிறகு ஒரு காரின் முன்சக்கரத்தில் சாய்ந்து, காலை நீட்டி, தரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழுசாகக் கேட்டேன். நீ மூச்சு விடுகிற இடத்தில் நானும் விட்டேன்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னைக் கூப்பிடு. எடுப்பேன். 'என்ன ஆச்சு' என்று மட்டும் கேட்காதே, வேறு எதையாவது பேசு. மாமாவைப் பற்றி ஏதாவது கோள் சொல். பயந்துபோய் நான் வைத்துவிட்டால் கோபித்துக்கொள்ளாதே. மறுபடி கூப்பிடு. மறுபடியும் வைத்தால், மறுபடியும் கூப்பிடு.

உன் வாலு